நான்கு பங்கும் நகைக்கடைக்கா?

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பாடுபடும் தமிழ்க் குடும்பங்களே! நாம் யாருக்காகச் சம்பாதிக்கிறோம்?

பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பவுன் பேச்சு. பவுன் வாங்கக் கடன். கடனுக்கு வட்டி கட்ட அதே பவுன் அடகுக்கடையில்! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தது. சட்டம் ஏட்டில் கிடக்கிறது. நம் உழைப்பு தராசில் கிடக்கிறது.

சிகாலன் என்ற குடும்பஸ்தனுக்குப் புத்தர் சொன்ன கணக்கைக் கேளுங்கள். வருமானத்தில் ஒரு பங்கு செலவுக்கு, இரு பங்கு தொழிலுக்கு, நான்காம் பங்கு ஆபத்துக் காலத்துக்கு.

கூலிக்காரனுக்கு நான்கு பங்கு ஏது என்பீர்கள். நியாயமான கேள்வி. கூலி உயர்வுக்குப் போராடத்தான் வேண்டும். ஆனால் போராடிப் பெற்றதை நகைக்கடைக்காரனும் தவணைக்காரனும் வாரிக்கொண்டு போனால் போராட்டத்தின் பலன் யாருக்கு?

1955-இல் பர்மா அரசுக்கு ஆலோசனை சொல்லப் போன பொருளாதார அறிஞர் ஷூமாக்கர், 1966-இல் 'பௌத்தப் பொருளாதாரம்' என்ற கட்டுரை எழுதினார். குறைந்த நுகர்வில் நிறைந்த வாழ்வு, உள்ளூர்ப் பொருளைக் கொண்டு உள்ளூர்த் தேவை என்பதே அதன் சாரம்.

இதற்குப் பர்மா போக வேண்டாம். பக்கத்துப் பாலராமபுரத்தில், தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த சாலியர் குடும்பங்கள் 200 ஆண்டுகளாகக் கைத்தறி நெய்கின்றன. நம் கல்யாணப் புடவை அந்தத் தறியிலிருந்து வரட்டும்.

பவுன் வேண்டாம் என்று மகனைப் பெற்றவர்கள் முதலில் சொல்லட்டும். வரும் ஆவணி முகூர்த்தத்திலேயே தொடங்குவோம்!