பெட்டிமேல் நின்றவரும் மூடிய கதவும்

2014 ஆகஸ்ட் 28. ஸ்காட்லாந்தின் கிர்காடி ஊர்த் தெருவில் குளிர்பானப் பெட்டிகளின்மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார் ஜிம் மர்ஃபி. தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். பிரிட்டனிலிருந்து ஸ்காட்லாந்து பிரியக் கூடாது என்ற தரப்பு. நூறு நாளில் நூறு ஊர் என்று கிளம்பியவர். சுற்றி நின்றவர்களில் சிலர் துரோகி என்று கத்தினார்கள். முட்டை பறந்து வந்து அவர் சட்டையில் உடைந்து வழிந்தது. மறுநாள் பயணத்தை நிறுத்திவைத்தார். சில நாளில் மறுபடி பெட்டியேறினார்.

அந்த ஆண்டு ஸ்காட்லாந்தில் நடந்ததை முழுதாகப் பார்த்தால் இது சின்னச் சம்பவம். 1707இல் இங்கிலாந்துடன் ஏற்பட்ட இணைப்பைத் தொடர்வதா முறிப்பதா என்று ஒரு நாடே பேசியது. ஊர்ப் பொதுக்கூடங்களில் ஓய்வூதியத்தைப் பற்றியும் எண்ணெய் வளத்தைப் பற்றியும் எந்த நாணயம் புழங்கும் என்பதைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. 16 வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை கிடைத்தது. கணவன் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம் என்று பிரிந்த வீடுகள் உண்டு. அவர்கள் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். விடுதலை வேண்டாம் என்றவர் 55.3 விழுக்காடு, வேண்டும் என்றவர் 44.7. உயிர்ப்பலி இல்லாமல் முடிந்தது. கடல் தாண்டிப் பக்கத்தில் இருக்கும் அயர்லாந்திலோ, 1922இல், லண்டனுடன் செய்த ஒப்பந்தத்தை ஏற்பதா என்ற தகராறில், விடுதலைக்காகத் தோளோடு தோள் நின்று போராடியவர்களே ஒருவரையொருவர் சுட்டார்கள். ஒப்பந்தத்தை ஏற்ற கெவின் ஓஹிக்கின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர், அதை எதிர்த்த ரோரி ஓகானர். அடுத்த ஆண்டே அவரைச் சுட்டுக் கொல்லும் முடிவுக்கு ஓஹிக்கின்ஸும் இசைந்தார்.

அந்த வரலாற்றை வைத்துப் பார்க்கும்போதுதான் முட்டை நம்மை உறுத்துகிறது. விடுதலை கேட்டவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. நாளிதழ்களும் வார இதழ்களும் பெரும்பாலும் எதிர்முகாமில் நின்றன. வெளிப்படையாக ஆதரித்தது 'சண்டே ஹெரால்ட்' ஒன்றுதான். பிரிந்தால் பவுண்டைப் பகிர மாட்டோம் என்று லண்டனின் நிதியமைச்சர் எடின்பரோவுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் கிளாஸ்கோவில் பிபிசி அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கில் கூடி, நிக் ராபின்சன் என்ற செய்தியாளரின் படத்தைப் பதாகையில் போட்டு வேலையைவிட்டு நீக்கக் கோரியது தவறு. எதிர்த்தரப்புக்கு நன்கொடை கொடுத்தார் என்பதற்காக எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங்கை வசைபாடியதும் தவறு. வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் மாலை ஜார்ஜ் சதுக்கத்தில் கூடியிருந்த விடுதலை ஆதரவாளர்கள்மேல் ஒன்றியக் கொடி பிடித்து வந்த கூட்டம் பாய்ந்தது. அதுவும் இதே நோய்தான். நாளை விடுதலை கிடைத்தாலும் அந்த நாட்டில் மர்ஃபியைப் போன்றவர்கள் இருந்தாக வேண்டும். அவர்களை வாயடைத்துப் பெறுகிற விடுதலை அரைகுறை விடுதலையே.

இதைச் சொல்கிற அதே வாயால் லண்டனையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2016இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் இருக்கவே விரும்பினார்கள். நிலைமை மாறிவிட்டது, மறுபடி மக்களிடம் கேட்போம் என்றது எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசு. 2020இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் மறுத்தார். 2022 நவம்பர் 23 அன்று, லண்டனின் ஒப்புதல் இல்லாமல் வாக்கெடுப்புச் சட்டம் இயற்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கருத்துக்கணிப்புகளில் நாட்டின் பாதியை ஒட்டி நிற்கும் ஒரு கோரிக்கை, எந்த வாசலில் போய்த் தட்டுவது என்று தெரியாமல் நிற்கிறது. தெருவில் முட்டை எறிகிறவனைக் கண்டிக்கிற அரசு, தெருவைத் தவிர வேறு இடமும் காட்ட வேண்டும்.

அதே பிரிட்டன் வட அயர்லாந்துக்கு இடம் காட்டியிருக்கிறது. 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையின்படி, பெரும்பான்மையினர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்புவார்கள் என்று தோன்றினால் வட அயர்லாந்துக்கான பிரிட்டன் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். ஒரு வாக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 7 ஆண்டு. அந்த விதி எழுதப்படுவதற்குள் அங்கே நடந்த மோதலில் 3,500 பேர் அளவில் செத்துப்போயிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்கும் அப்படியொரு விதி வேண்டும். அதை ஒருவரும் சாகாத இப்போதே எழுத வேண்டும்.