கரிய மணலும் கலைப்பட்டமும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ-15 நெடுஞ்சாலையில் வந்தாறுமூலை, வாழைச்சேனை, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை எனக் கடந்து வந்தால் கதிரவெளி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காடும் வயலும். சில காலத்துக்கு முன் அங்கே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது, கலைப்பீடத்தில் இறுதியாண்டு பயிலும் இளைஞர் ஒருவர் நிழற்படப் பிரதி எடுத்த சில தாள்களை என்னிடம் நீட்டினார். கரையோர மணலிலிருந்து இல்மனைட் அகழ்வது பற்றிய தொழில்நுட்ப அறிக்கையொன்றின் பக்கங்கள் அவை. அட்டவணைகள், நிலத்தடி நீர்மட்ட அளவுகள், சதவீதங்கள்.

"ஊராக்கள் என்னட்டத்தான் கேக்கிறாங்க ஐயா, கம்பஸில படிக்கிற பிள்ளைதானே எண்டு. எனக்கும் விளங்குதில்ல" என்றார்.

கரையோரங்களில் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக வாகரைப் பிரதேச மக்கள் அண்மைய ஆண்டுகளில் வீதிக்கு இறங்கியதை வாசகர்கள் அறிவீர்கள். அந்த அகழ்வு வேண்டுமா வேண்டாமா என்பது இந்தப் பத்தியின் பொருளன்று. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் படித்த ஒரு பிள்ளைக்குத் தன் காலடி மண்ணைப் பற்றிய நாலு பக்கத்தை வாசிக்க இயலவில்லையே, அதுதான் என்னை உறுத்தியது.

குறை அவருடையதல்ல. நமது நாட்டில் க.பொ.த. சாதாரண தரம் முடிந்ததும், ஏறக்குறைய பதினாறு வயதில், பிள்ளைகளைத் துறைவாரியாகப் பிரித்துவிடுகிறோம். கலைப்பிரிவுக்குப் போனவர் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அன்றே தலைமுழுகுகிறார். விஞ்ஞானப் பிரிவுக்குப் போனவர் தமிழையும் வரலாற்றையும் அன்றே மூடிவைக்கிறார். இதில் தெரிவு என்பதும் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். நாட்டின் சுமார் 10,000 அரச பாடசாலைகளுள் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் மட்டுமே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. கதிரவெளி போன்ற ஊர்ப் பிள்ளை கலைப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்லை. அருகில் அது ஒன்றே இருக்கிறது. அதிலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மறக்கலாகாது. 2004 இல் கடல் வந்தது. 2006 நவம்பர் 8 ஆம் திகதி, இடம்பெயர்ந்தோர் தஞ்சமடைந்திருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். அடுத்த சில மாதங்களில் வாகரையே காலியாகிப் பின்னர் மீண்டது. அன்று கைக்குழந்தைகளாக இருந்தோர்தாம் இன்று பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் எத்துறை மாணவரும் குறிப்பிட்ட அளவு மொழி, கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றைக் கட்டாயமாகப் படித்தே தீரவேண்டும். கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1919 இல் தொடங்கிய பொதுப்பாடமும், ஹாவர்டு 1945 இல் வெளியிட்ட பொதுக்கல்வி அறிக்கையும் இந்த மரபின் மைல்கற்கள். தமிழ்நாட்டில் பௌதிகம் படிப்பவரும் பகுதி ஒன்றில் தமிழோ வேறொரு மொழியோ படிக்கிறார். 1991 இல் இந்திய உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையின் தொடர்ச்சியாகச் சுற்றுச்சூழலும் அங்கே எல்லாப் பட்டதாரிகளுக்கும் பாடமாயிற்று.

நமக்கு இது அந்நியச் சரக்குமல்ல. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிகள் நிறுவிய செமினரியில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் அனைத்தும் ஒரே மாணவருக்குக் கற்பிக்கப்பட்டன. அவர்களின் நோக்கம் மதமாற்றம்தான், அதை மறைக்கவேண்டியதில்லை. 1855 இல் அதை மூடியும் விட்டார்கள். ஆயினும் அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார்.

மட்டக்களப்பாருக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916 இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். 1920 இல் இலண்டன் பி.எஸ்ஸி. பட்டம். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் அரங்கேறிய யாழ்நூலைப் புரட்டிப் பாருங்கள். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிடத் தெரியாத ஒரு புலவரால் அதை எழுதியிருக்க முடியாது. சிலப்பதிகாரம் தெரியாத பௌதிக ஆசிரியராலும் முடியாது. அடிகளுக்குச் சிலை வைக்கிறோம், மாலை போடுகிறோம், அவர் பெயரில் நிறுவகமும் வைத்திருக்கிறோம். அவர் படித்தபடி படிக்க மட்டும் நம் பிள்ளைகளை விடுவதில்லை.

"வேலையில்லாத பட்டதாரிக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். 2017 இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நானும் மறக்கவில்லை. இதற்கு நம் அதிகாரிகளிடம் எப்போதும் ஒரே மருந்து: கலைப்பீடத்தாருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கணினி. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒட்டுப்போடுதல், பொதுக்கல்வி அன்று. மேலும் அது ஒருவழிப் பாதை. கலைப்பட்டதாரியைக் குறையுள்ளவராகக் கருதித் திருத்த முனைகிறவர்கள், தன் நோயாளிக்கு நோயைத் தமிழில் விளக்கத் தெரியாத வைத்தியரையோ, கதிரவெளிக்கு அண்மையிலுள்ள பெருங்கற்காலக் கல்லறைகளைப் பற்றி ஒன்றுமறியாமல் வீதி வரைபடம் கீறும் பொறியியலாளரையோ குறையுள்ளவராகக் கருதுவதில்லை. அந்தக் கற்களை ஊரார் இராமாயண வானரப் படையோடு இணைத்துப் பேசுவார்கள். தொல்லியலாளர் அவற்றில் ஆதி இரும்புக்காலத்தைக் காண்கிறார்கள். இரண்டையும் அறிந்த பொறியியலாளர் வீதியைச் சற்று வளைத்துக் கீறக்கூடும்.

எனக்கே இந்தப் பாடம் தாமதமாகத்தான் கிட்டியது. உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், 20 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக ஏறிய வரியொன்றுக்கு "10 சதவீத உயர்வு" என்று தலைப்பிட்டேன். உண்மையில் அது ஐம்பது சதவீத உயர்வு. மறுநாள் ஒரு கணித ஆசிரியர் தபாலட்டையில் எழுதித்தான் எனக்கு விளங்கியது. கலைப்பிரிவுப் பிள்ளை நான்.

கட்டாயம் என்றாலே அது கெட்டுப்போகும் அபாயமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்து வந்தது. அதனால் எவருடைய அறிவாவது விரிந்ததென்று நான் கேள்விப்பட்டதில்லை. மாதிரி வினாத்தாள் புத்தகம் விற்றவர்கள்தாம் பயனடைந்தார்கள். ஐந்நூறு பேரை ஒரு மண்டபத்தில் அடைத்துக் குறிப்புச் சொல்லி எழுதவைப்பதாயின் பொதுப்பாடமே வேண்டாம்.

நான் கேட்பது கொஞ்சம்தான். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோது விஞ்ஞானத்தோடும் விவசாயத்தோடும்தான் தொடங்கியது. கலைப்பீடம் பின்னர் வந்தது. மூன்றும் ஒரே வளவில்தான் இருக்கின்றன. முதலாண்டில் எல்லாப் பீடத்தாரையும் கலந்து சிறு குழுக்களாக்கி, இந்த வாவியையும் கரையையுமே பாடமாக வைக்கலாம். நிலத்தடி நீரை அளப்பது, அட்டவணை வாசிப்பது, காணிச் சட்டம், ஊர் வரலாறு, கண்டதைத் தெளிந்த தமிழில் எழுதுவது, கொழும்புக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வரைவது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையொன்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கூற வழங்கப்படுவது 30 வேலை நாட்கள். அதற்குள் வாசித்து, விளங்கி, எழுதி அனுப்ப ஊருக்கு இரண்டு பேராவது வேண்டாமா?

அன்று அந்த இளைஞரோடு கடற்கரைக்கு நடந்தேன். கரிய மணலை ஒரு கைப்பிடி அள்ளி, இது ஏன் கறுப்பு, ஏன் சாதாரண மணலைவிடப் பாரம் என்று கேட்டார். இரும்பும் தைத்தானியமும் கலந்த கனிமம், சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி, அதனால்தான் அலை இலேசானதைக் கொண்டுபோய் இதை விட்டுச்செல்கிறது, வெள்ளைப் பெயின்ற் செய்வது இதிலிருந்துதான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"வெள்ளைப் பெயின்ற் இந்தக் கறுப்பு மண்ணிலயா?" என்று சிரித்தவர், அடுத்து நீர்மட்டத்தைப் பற்றிக் கேட்டார். அதற்கு எனக்கு விடை தெரியவில்லை.