செம்பனை ஓடும் கிள்ளான் ஆறும்

மலேசியாவின் சாலாக் செலாத்தான் வட்டாரத்துக் கால்வாய் நீர் கிள்ளான் ஆற்றில் சேர்ந்து, கடைசியில் போர்ட் கிள்ளானில் கடலைத் தொடுகிறது. தொழிற்பட்டறைக் கழிவோடு ஈயமும் காட்மியமும் அதில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, மக்கியும் போகாது. சேற்றிலும் சிப்பியிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றில் கலந்தபின் அவற்றைப் பிரித்தெடுப்பது ஆகாத காரியம். பட்டறை வாசலிலேயே பிடித்தாக வேண்டும். அதற்கு உதவும் பொருள் நம் செம்பனை ஆலைகளிலேயே மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது.

செம்பனைக் கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்தபின் மிஞ்சும் ஓடு, தேங்காய்ச் சிரட்டையைப் போலக் கடினமானது. அதைக் காற்றுப் புகாத உலையில் கரியாக்கி, 800 முதல் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவி பாய்ச்சினால், கரிக்குள் எண்ணற்ற நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. ஒரு கிராம் நல்ல கரியின் உட்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். 12 பூப்பந்துத் திடல்களின் பரப்பு அது. இலங்கையில் 1973-இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் சிரட்டைக் கரியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. சிரட்டையால் முடிந்தது செம்பனை ஓட்டாலும் முடியும்.

சுண்ணாம்பு போட்டாலே உலோகம் படிந்துவிடுமே என்பார்கள். பெரும்பகுதி படியும், உண்மைதான். ஆனால் 2009-ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைப்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் விடப்படும் கழிவில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் காட்மியமும் 0.1 மில்லிகிராம் ஈயமுமே இருக்கலாம். சுண்ணாம்புக்குத் தப்பிய மிச்சத்தைப் பிடிக்கும் கடைசி வடிகட்டிதான் கரி. சாதாரணக் கரி உலோகத்தை அவ்வளவாகப் பற்றாது என்பதும் சரியான வாதமே. அமிலத்தால் கரியின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தி, நீரின் அமில-காரத்தன்மையையும் சீராக்கினால் பற்றும் திறன் கூடும். நிறைந்துபோன கரியைக் கண்ட இடத்தில் கொட்டினால் பழைய கேடு வேறு வழியில் திரும்பி வரும். ஆகவே அமிலத்தில் அலசி உலோகத்தை மீட்க வேண்டும், மீட்க முடியாததை அபாயக் கழிவாகவே கையாள வேண்டும். ஓட்டை ஜப்பானுக்கு எரிபொருளாக விற்றுக் காசு பார்க்கிறோமே என்பாரும் உண்டு. எரித்தால் ஒருமுறை வெப்பம் தரும். கரியாக்கினால் பலமுறை நீரைக் காக்கும்.

சிறு பட்டறைக்காரர்கள் இதைத் தனித்தனியே செய்ய முடியாது. காலியான எரிவாயுத் தோம்பைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்குவதுபோல, பயன்பட்ட கரிக்கலனைப் பெற்றுக்கொண்டு புதியதைத் தரும் பொது ஏற்பாட்டைச் சிலாங்கூர் அரசும் சுற்றுச்சூழல் துறையும் தொடங்க வேண்டும். ஓடும் இருக்கிறது, வழிமுறையும் இருக்கிறது. ஆற்றைக் காக்கும் பொறுப்பை இனியும் தள்ளிப்போடக் கூடாது.