வலிக்குது என்றால் அரைப்பேரா?

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நாள் முழுக்க மலையேறும் உடம்பு வலிக்கத்தான் செய்யும். ஓய்வெடுத்தால் தணியும் வலிக்குப் பனடோல் போதும். கால் மரத்து, சிறுநீர் அடைத்தாலோ தானாகப் போனாலோ முதுகில் நரம்பு நசுங்குகிறது. அன்றைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அதுவும் பொறுக்காது.

தெரிந்தும் நம் பெண்கள் ஏன் பொறுக்கிறார்கள்? பாதியில் இறங்கினால் அரைப்பேர். முச்சக்கரவண்டிக்குக் கடன். டிஸ்பென்சரியில் அதே பனடோல், மலையில் "சோம்பேறி" என்ற ஏச்சு. (துரைக்கு வலித்தால் கொழும்புக்குக் கார் பறக்கும்.)

தொழிலாளரின் வைத்தியத்தை நிர்வாகத்தின் பொறுப்பாக்கிய மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது 1912இல். இன்னும் கெஞ்சுகிறோம். இனிக் கெஞ்சமாட்டோம்: ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கு முழுப்பேர் போடு, தோட்டத்து வண்டியை அனுப்பு!