சூழலியல் என்ன, பணக்கார வீட்டுப் படிப்பா?



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எனக்கு ஃபோன் வரும். "டீச்சர், சூழலியல், பரிணாமம்னு படிக்கணும்னு பிள்ளை அடம் பிடிக்கிறான். அதெல்லாம் காசு இருக்கிறவங்க படிப்புதானே?" இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்து அரசுக் கல்லூரியில் அந்தப் பெயரில் பட்டம் தேடாதீர்கள். பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியலுக்குள்ளேயே அந்தப் பாடங்கள் வருகின்றன. பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரியில் விலங்கியல் துறை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் போய் வரலாம், ஹாஸ்டல் செலவில்லை. விண்ணப்பம் 50 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கு 2 ரூபாய். கல்விக்கட்டணம் கிடையாது, சில்லறைக் கட்டணங்கள்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கைக்கே வரும்.

இதைக் 'காஸ்ட்லி' என்கிறோம். கடன் வாங்கித் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிக்கு லட்சம் லட்சமாகக் கட்டுவது மட்டும் சிக்கனமா? அப்படிப் படித்தவர்கள் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்கு வரிசையில் நிற்பதை நீங்களும் பார்க்கிறீர்கள்தானே?

உண்மையான செலவு பட்டத்துக்குப் பிறகுதான். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனஉயிரியல், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் என்று முதுநிலைக்கு ஊரை விட்டுப் போக வேண்டும். தங்க, சாப்பிட, களப்பயணம் போகப் பணம் வேண்டும். பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதுவரை வீட்டுக்கு ஒரு பைசா வராது. ஏழைப் பிள்ளை அங்கேதான் நின்றுவிடுகிறது.

அந்த இரண்டு வருடத்தை யார் தாங்குவது? 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. பெஞ்சும் தண்ணீர் டேங்கும் கொடுத்துப் போட்டோ எடுத்தால் போதுமா? ஆண்டுக்கு நான்கு பிள்ளைகளை எம்.எஸ்சி. படிக்க வைக்கட்டும்.

இது தர்மம் இல்லை, கடன். இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி நம் பழவேற்காடு. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர் பிழைப்பு கெட்டதை மறந்துவிட்டோமா? புதிய திட்டம் வந்தால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தடித்த அறிக்கை ஒன்றை வைப்பார்கள். அதைப் புரட்டி, "இந்த மீன் கணக்கு தப்பு" என்று எழுந்து சொல்ல நம் ஊர்ப் பிள்ளை வேண்டாமா?

அடம் பிடிக்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். சிப்காட்டில் நல்ல பதவியில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் நிர்வாகத்திடம் இதைக் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.