அரசு பின்னால் வந்தது!

தன் வரலாற்றைத் தானே சொல்லாத சமுதாயம், பிறர் சொல்லும் வரலாற்றில்தான் வாழ நேரிடும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதை உணர்ந்தார்கள். 1926-ல் அறிஞர் கார்ட்டர் உட்சன் ஆண்டுக்கு ஒரு வாரம் வரலாற்று வாரம் கண்டார்.

ஒரு வாரம் போதுமா? கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகக் கறுப்பின ஐக்கிய மாணவர் அமைப்பு 1969-ல் ஒரு மாதம் வேண்டும் என்றது. அரசு அறிவிக்கட்டும் எனக் காத்திருக்காமல் 1970-லேயே கொண்டாடியும் காட்டியது. ஆறாண்டுகள் கழித்து, 1976-ல்தான் அதிபர் ஃபோர்டு அந்த மாதத்தை அங்கீகரித்தார்.

இளைஞர்களே! மாணவர் விழா என்றால் வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாடநூல் மறைத்ததை மேடை சொல்லும். தனித்து நின்றவன் அங்கே தன் கூட்டத்தைக் காண்பான்.

வணிகப் பெருமக்களே! அத்தகைய மேடைக்குத் தரும் காசு வீண்செலவல்ல, தலைமுறைக்கான முதலீடு!