9,000 ரூபாய் சேணமும் மைனாவின் முதுகும்! | வாங்கலாமா... வேண்டாமா?

மைனாவின் முதுகில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை முடி இருக்கிறது. செம்பழுப்பு நிறக் குதிரை என்பதால் பளிச்சென்று தெரியும். "பொட்டு வெச்ச மாதிரி அழகா இருக்கே" என்பார்கள் பார்க்கிறவர்கள். அது பொட்டு இல்லை. போன வருடம் நான் வாங்கிக்கொடுத்த சேணத்தால் வந்த தழும்பு.

மிக்ஸி, இயர்போன் என்று எழுதிக்கொண்டிருந்த இந்தப் பகுதியில் இந்த வாரம் குதிரைச் சேணம். "இதையெல்லாம் யாரும்மா வாங்கப்போறா?" என்று ஆபீஸில் சிரித்தார்கள். கொங்குப் பக்கம் வந்து பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு கத்தியவாரி, மார்வாரி என்று வடக்கத்திக் குதிரைகளெல்லாம் வந்து நிற்கும். கோபி பக்கத்தில் இருக்கும் என் மாமா மைனாவை வாங்கியது அங்கேதான். காதுகள் உள்நோக்கி வளைந்த கத்தியவாரிப் பெண் குதிரை. பந்தயத்துக்கெல்லாம் இல்லை. சாயங்காலம் கீழ்பவானி வாய்க்கால் கரையில், தென்னந்தோப்பு ஓரமாக ஒரு மணி நேரம் நிதானமாகப் போய்வருவதற்கு.

மாமா பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, வார் கட்டி ஏறிக்கொள்வார். லீவுக்குப் போகும் எனக்கு அது சரிப்படவில்லை. மாமாவின் பிறந்தநாளுக்குப் பரிசு என்று பேர் பண்ணி, ஆன்லைனில் ஒரு தோல் சேணம் ஆர்டர் செய்தேன். 9,000 ரூபாய். படத்தில் அவ்வளவு அழகு. 'எல்லாக் குதிரைகளுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். எல்லாக் காலுக்கும் பொருந்தும் என்று ஒரு செருப்பு விற்றால் வாங்குவோமா?

நாலாவது நாள் சேணத்தைத் தூக்கியதும் மைனா காதைப் பின்னால் மடக்கியது. வார் இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தது. "புதுசில்ல, பழகிக்கும் அம்மிணி" என்றார் மாமா. நானும் நம்பினேன். சேணம் முன்னால் தாழ்ந்து அழுத்துவதுபோல் இருந்ததால், அடியில் அந்த ஜமுக்காளத்தையே இன்னொரு மடிப்பு சேர்த்துக் கொடுத்தோம். பத்து நாளில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, "அது பத்து நாளா உங்ககிட்ட சொல்லிக்கிட்டேதானே இருந்திருக்கு" என்றார். ஆறுவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. முடி வெள்ளையாக முளைத்தது. அழுத்தம் ஆழமாக இருந்தால் முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப்போகுமாம். வெயிலிலோ சேற்றிலோ புரண்டாலும் அந்த நிறம் திரும்ப வராது.

என்ன தப்பு நடந்தது? சேணம் என்பது நமக்கான சீட் மட்டும் இல்லை. அதற்குள் மரத்திலோ ஃபைபரிலோ ஒரு சட்டம் இருக்கிறது. குதிரைக்காரர்கள் 'ட்ரீ' என்பார்கள். நம் எடையை முதுகெலும்பில் இறக்காமல், அதற்கு இரண்டு பக்கமும் உள்ள தசைகளில் பரப்புவது அதன் வேலை. பிடரி முடிகிற இடத்தில் மேடாக எலும்பு எழும்பியிருக்கும், 'விதர்ஸ்' என்பார்கள். கத்தியவாரி மாதிரி ஒல்லி உடம்புக் குதிரைகளுக்கு அந்த மேடு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும். நான் வாங்கியது அகலச் சட்டம். அது முன்னால் இறங்கி நேராக அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டது. அடியில் திணித்த ஜமுக்காளம் இன்னும் இறுக்கிப் பிடித்ததுதான் மிச்சம். சட்டம் குறுகலாக இருந்தாலும் இதே கதைதான். இறுக்கமான ஷூவுக்குள் தடி சாக்ஸ் போட்டால் கால் வலி போகுமா என்ன?

அடுத்த சேணத்தை வேறு மாதிரி தேடினேன். முதல் செலவு, ஸ்டேஷனரி கடையில் ஒரு வளைகிற ஸ்கேல். இன்ஜினீயரிங் டிராயிங்குக்கு வாங்குவார்களே, வளைத்தால் அப்படியே நிற்கும் ரப்பர் பட்டை, அதுதான். குதிரையைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, முதுகின் குறுக்கே அதை அழுத்தி வைக்க வேண்டும். கிடைக்கும் வளைவை அப்படியே எடுத்து அட்டையில் வரைந்து வெட்டினால் இரண்டு துண்டுகள் வரும். உள்துண்டு குதிரையின் வடிவம், சேணத்துக்குள் வைத்துப் பார்க்க. வெளித்துண்டு குதிரையின் மேலேயே வைத்துப் பார்க்க. கல்யாணப் பத்திரிகை வந்த அட்டைப்பெட்டியை வெட்டித்தான் நான் செய்தேன்.

கோவையில் ஒரு ரைடிங் ஸ்கூலில் பழைய சேணம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அட்டையோடு பஸ் ஏறினேன். "சயிஸ்கிட்ட கேளுங்க" என்றார்கள். நான் 17 இன்ச் என்றேன். சயிஸ் என்றால் குதிரையைப் பராமரிக்கிறவராம்! அவர் சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கட்டுரையில் பாதி அவருடையது.

பழைய சேணத்தில் தோல் பளபளப்பைப் பார்க்காதீர்கள், சட்டம் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தைத் தொடையில் அண்டக்கொடுத்து, பின்பக்க மேட்டை இரண்டு கையாலும் நம்மை நோக்கி இழுக்க வேண்டும். லேசாக ஸ்பிரிங் மாதிரி கொடுத்தால் பரவாயில்லை. சீட் நடுவில் மடங்கினாலோ, கிறீச்சென்று சத்தம் வந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள், இலவசமாகக் கொடுத்தாலும். பிறகு, வயிற்று வார் கோக்கிற பட்டைகள். துளைகள் நீண்டிருந்தாலோ, தையல் விட்டிருந்தாலோ, அது நடுவழியில் அறுந்தால் விழப்போவது நாம். பட்டையை மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

தோலா, சிந்தெடிக்கா? நம் ஊரில் சேணம் என்றால் கான்பூர்தான். பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்ய ஆரம்பித்த தொழில், இன்று புவிசார் குறியீடு பெற்று வெளிநாடுகளுக்குப் போகிறது. நல்ல கான்பூர் தோல் சேணம் பல வருடம் உழைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் துடைத்து, மாதம் ஒருமுறையாவது எண்ணெய் காட்டி, ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்காமல் பார்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ஏறுகிற நமக்கு சிந்தெடிக் போதும் என்பது என் கட்சி. எடை குறைவு, தண்ணீர் விட்டுக் கழுவலாம். சவாரி செய்பவர் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. 15 கிலோ வரும் கவ்பாய் பாணி வெஸ்டர்ன் சேணத்தைப் போட்டால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் முன்பக்க இரும்புத் தகட்டை மட்டும் கழற்றி, அகலத்துக்கு ஏற்ப மாற்றலாம். ஆஸ்திரேலியாவின் வின்டெக் அப்படி ஒன்று. எனக்குக் கிடைத்ததும் அந்த மாதிரிதான், வேறு பிராண்டு. பழையது, 14,000 ரூபாய்.

நமக்கான அளவும் முக்கியம்தான், ஆனால் இரண்டாவதாக. உட்கார்ந்தால் நமக்குப் பின்னால் ஒரு கை அகலம் இடம் இருக்க வேண்டும். அங்கவடியில் பூட்ஸ் போக சுமார் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இறுக்கமாக இருந்தால், விழும்போது கால் மாட்டி இழுபடுவோம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு நிபந்தனை போட்டேன், குதிரை மேல் வைத்துப் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பித் தருவேன் என்று. முதல் சேணத்தை 'பயன்படுத்திய பொருள்' என்று அந்தக் கடை திரும்ப எடுக்கவில்லையே, அந்தப் பாடம்! துணி எதுவும் இல்லாமல் மைனா மேல் வைத்தோம். தோள்பட்டை தாராளமாக அசைந்தது. மேட்டுக்கு மேல் மூன்று விரல் நுழைந்தது, நான் ஏறிய பிறகும் இரண்டு விரல். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால், முதுகெலும்பு நெடுக இந்தப் பக்கத்து வெளிச்சம் அந்தப் பக்கம் வரை தெரிந்தது. பின்பகுதி கடைசி விலாவைத் தாண்டவில்லை. அடியில் கையை விட்டுத் தடவினால் நடுவில் எங்கும் பள்ளம் இல்லை.

வெயிலில் அரை மணி நேரம் போய்வந்து சேணத்தைக் கழற்றினோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்வை, நடுவில் முதுகெலும்பு மட்டும் காய்ந்த கோடு. அப்படித்தான் இருக்க வேண்டும். ஈரத்துக்கு நடுவே எங்காவது திட்டாகக் காய்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறது அல்லது தொடவே இல்லை என்று அர்த்தம். மைனா திரும்பிக் கடிக்க வரவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் ஜமுக்காளத்தை உதறித் திண்ணையில் போட்டார்.

பழைய 9,000 ரூபாய் சேணம், பக்கத்து ஊரில் அகல முதுகுக் குதிரை வைத்திருக்கும் ஒருவருக்கு 5,000 ரூபாய்க்குப் போனது. அவர் குதிரை மேல் வைத்து, விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். அதற்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

தை மாதம் போனபோது அட்டையின் வெளித்துண்டை மைனா மேல் வைத்தால், இரண்டு பக்கமும் பிடித்தது. நல்ல தீவனம், தினமும் நடை, உடம்பு போட்டுவிட்டாள். புது வளைவு எடுத்து, அடுத்த அளவுத் தகடு மாற்றினோம். வரும் ஆடியில் மறுபடி அளக்க வேண்டும். அட்டை மாமா வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது.